ஒருவழி டிக்கெட்டில் வெளிநாடு திரும்பும் ஓய்வூதியர்கள்: மீனம்பாக்கம் செக்-இன் கவுன்ட்டரில் எழும் கேள்விகள்

சியாங்மாய்_அடையாறு எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன், வயது 68. நான்கு ஆண்டுகளாக நானும் என் மனைவியும் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் வாடகை வீடொன்றில் வசித்து வருகிறோம். ஆண்டுதோறும் நவம்பரில், வாழ்நாள் சான்றிதழை வங்கியில் நேரிலேயே கொடுத்துவிட்டு, அடையாறு வீட்டின் வேலைகளையும் முடித்துச் செல்வதற்காகச் சென்னைக்கு வருவோம். வந்த வேலை எப்போது முடியும் என்று எங்களுக்கே தெரியாது. கண் மருத்துவர் ஒரு தேதி சொல்வார், மாநகராட்சி அலுவலகம் வேறொரு தேதி சொல்லும், இடையில் உறவில் ஒரு திருமணமோ துக்கமோ வந்து சேரும். அதனால் வருவதற்கும் போவதற்கும் தனித்தனியாக ஒருவழி டிக்கெட் வாங்குவதே எங்கள் பழக்கமாகிவிட்டது. மலிவு விமானங்களில் இதனால் செலவும் கூடுவதில்லை.

சென்ற முறை பாங்காக் விமானத்துக்காக மீனம்பாக்கத்தில் நின்றபோது நடந்ததைச் சொல்கிறேன். கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் என் பாஸ்போர்ட்டைப் புரட்டி, விசா ஒட்டப்பட்டிருந்த பக்கத்தில் நிறுத்தினார். அந்த ஒட்டுவிசாவின் மேல் 'பயன்படுத்தப்பட்டது' என்ற முத்திரை குறுக்காக விழுந்திருக்கும். அதிலுள்ள தேதியும் முடிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. "சார், உங்கள் விசா காலாவதியாகிவிட்டதே" என்றார். நான் அடுத்தடுத்த பக்கங்களில் இருந்த, அங்கே தங்கும் காலத்தைக் கூட்டித் தரும் ஓராண்டு நீட்டிப்பு முத்திரையையும், வெளியே போய்த் திரும்பினாலும் அந்த நீட்டிப்பு செல்லும் என்பதற்கான மறுநுழைவு அனுமதி முத்திரையையும் காட்டினேன். அவர் அவற்றை நெடுநேரம் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு, "அப்படியானால் ரிட்டர்ன் டிக்கெட்டைக் காட்டுங்கள்" என்றார். நான் திரும்பிச் செல்வதே என் வீட்டுக்குத்தான் என்றேன். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டாக இருக்கையில் இந்த விளக்கம் எடுபடவில்லை. மேற்பார்வையாளர் வந்தார், யாருக்கோ தொலைபேசினார், எங்களுக்குப் பின்னால் இருந்த வரிசை முழுவதும் முடிந்தது. கவுன்ட்டர் மூட இருபது நிமிடமே இருந்த நிலையில், பாங்காக்கிலிருந்து சென்னைக்கு இரண்டு டிக்கெட்டுகளைக் கைப்பேசியிலேயே வாங்கிக் காட்டிய பிறகுதான் போர்டிங் பாஸ் கைக்கு வந்தது. பணம் திரும்பாத வகை டிக்கெட்டுகள் அவை. ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வீணாயிற்று. பாங்காக்கில் இறங்கியபோது இமிக்ரேஷன் அதிகாரி அந்த டிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்பதுதான் எரிச்சலை இரட்டிப்பாக்கியது.

வரும் ஜனவரியில் மீண்டும் ஒருவழி டிக்கெட்டில் திரும்புகிறோம். செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதி வைத்திருப்பவர் ரிட்டர்ன் டிக்கெட் காட்ட வேண்டும் என்று உண்மையிலேயே விதி இருக்கிறதா? இல்லையென்றால் அதைக் கவுன்ட்டரில் எப்படிப் புரியவைப்பது?

கவுன்ட்டர்_மறுபக்கம் எழுதியது:

ஐயா, இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கவுன்ட்டரின் மறுபக்கத்தில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களிடம் பணம் வீணானது தவறுதான். ஆனால் அந்தப் பெண் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்பது தெரிந்தால், அடுத்த முறை அவரைக் கையாள்வது எளிது.

1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின் ஒன்பதாம் பிற்சேர்க்கைப்படி, ஒரு நாட்டுக்குள் அனுமதிக்கப்படாத பயணியைத் திரும்ப ஏற்றிச் செல்லும் பொறுப்பு அவரைக் கொண்டுவந்த விமான நிறுவனத்தினுடையது. இதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தனியாக அபராதமும் விதிக்கிறது. நம் நாட்டிலேயே 2000ஆம் ஆண்டில் வந்த சட்டம், உரிய ஆவணம் இல்லாத பயணியை இந்தியாவுக்கு ஏற்றிவரும் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வைத்தது. ஆகவே கவுன்ட்டர் ஊழியருக்குச் சொல்லித் தரப்படும் முதல் பாடம், ஐயம் இருந்தால் ஏற்றாதே என்பதுதான். ஏற்றாமல் விட்டால் ஒரு பயணியின் கோபத்தோடு போகும். ஏற்றிவிட்டு அவர் திருப்பி அனுப்பப்பட்டால் மறுநாள் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். பல நிறுவனங்களில் கவுன்ட்டரில் நிற்பவர் விமான நிறுவனத்தின் ஊழியரே அல்லர், தரைப்பணி ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். அவருக்குத் தானாக முடிவெடுக்கும் துணிவு வராது.

அவர் பார்த்துக்கொண்டிருந்த திரையில் இருப்பது டைமாட்டிக் என்ற தரவுத்தளம். ஐயாட்டா என்னும் விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு நடத்துவது. பயணியின் குடியுரிமை, பாஸ்போர்ட் வகை, செல்லும் நாடு, தங்கும் நாள், அங்கே அவருக்குள்ள குடியிருப்பு உரிமை ஆகியவற்றை உள்ளிட்டால், என்னென்ன ஆவணம் தேவை என்று அது சொல்லும். இங்கேதான் சிக்கல். 2024 ஜூலை 15 முதல் இந்தியர்கள் 60 நாள்வரை விசா இல்லாமல் தாய்லாந்து செல்லலாம் என்று அறிவிக்கப்பட்டபின், பாங்காக் விமானத்தில் ஏறும் இந்தியப் பாஸ்போர்ட் எல்லாமே சுற்றுலாப் பாஸ்போர்ட் என்ற பழக்கம் கவுன்ட்டரில் வந்துவிட்டது. ஊழியர் 'இந்தியர், சுற்றுலா' என்று மட்டும் தட்டினால், விசா இன்றி வருபவருக்கான விதி திரையில் வரும்; திரும்பும் டிக்கெட் பற்றிய வரியும் அதில்தான் இருக்கும். மறுநுழைவு அனுமதி உள்ளவர் என்று தட்டினால், வேறு பத்தி வரும். உங்கள் கேள்விக்கான பதிலும் அதுதான்: நீங்கள் விசா விலக்கில் நுழையவில்லை, ஏற்கெனவே பெற்ற தங்கும் அனுமதியைத் தொடர்கிறீர்கள். சுற்றுலாப் பயணியிடம் கேட்கப்படும் திரும்பும் டிக்கெட் உங்களுக்குப் பொருந்தாது.

ஆகவே டிக்கெட்டைப் பற்றி வாதாட வேண்டாம். 'ஒருவழி டிக்கெட் வாங்கக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது' என்று தொடங்கும் பயணியிடம் ஊழியர் காதைப் பொத்திக்கொள்வார். இதை அனுபவத்தில் சொல்கிறேன். பாஸ்போர்ட்டைக் கொடுக்கும்போதே, "நான் அங்கே வசிப்பவன், இது நீட்டிப்பு, இது மறுநுழைவு அனுமதி, இரண்டும் இந்தத் தேதிவரை செல்லும், டைமாட்டிக்கில் மறுநுழைவு அனுமதி என்று போட்டுப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். அந்த இரண்டு பக்கங்களிலும் சிறிய ஒட்டுத்தாள் வைத்துக்கொள்ளுங்கள். காலாவதியான விசா ஒட்டியுள்ள பக்கத்துக்கு அவர் முதலில் போய்விடாமல் இருப்பதே பாதி வெற்றி. தாய்லாந்தில் 90 நாளுக்கு ஒரு முறை முகவரி தெரிவித்ததற்கான துண்டுச்சீட்டை எல்லோரும் பாஸ்போர்ட்டிலேயே ஸ்டேப்ளர் போட்டு வைத்திருப்பார்கள். அதைக் கழற்றிப் பையில் வையுங்கள். அதிலுள்ள அடுத்த தேதியைப் பார்த்து, அன்றோடு விசா முடிகிறது என்று குழம்பிய ஊழியர்களை நானே திருத்தியிருக்கிறேன்.

ஒரு கேள்வி: உங்கள் மனைவியாரின் மறுநுழைவு அனுமதி தனியாக எடுக்கப்பட்டிருக்கிறதா? அவர் உங்களைச் சார்ந்தவர் என்ற வகையில் நீட்டிப்பு பெற்றிருந்தாலும், மறுநுழைவு அனுமதி அவரவர் பாஸ்போர்ட்டில் அவரவர் பெயரில் இருக்க வேண்டும்.

பெரம்பூர்_ரயில்வே எழுதியது:

இவ்வளவு நீண்ட விளக்கம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பாரிமுனையில் எந்தப் பயண முகவரிடமும் சில நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு டம்மி டிக்கெட் அச்சிட்டுக் கொடுத்துவிடுவார். அதைக் காட்டினால் ஊழியருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. என் மைத்துனர் சிங்கப்பூருக்கு அப்படித்தான் மூன்று முறை போய் வந்தார்.

கவுன்ட்டர்_மறுபக்கம் எழுதியது:

மைத்துனர் மூன்று முறை தப்பியிருக்கலாம் ஐயா. முகவர்கள் தருவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பணம் கட்டாமல் சில மணி நேரம் மட்டும் பிடித்து வைத்த உண்மையான முன்பதிவு. கவுன்ட்டரில் எண்ணைத் தட்டிப் பார்க்கும் நேரத்தில் அது பெரும்பாலும் தானாகவே ரத்தாகியிருக்கும். மற்றொன்று, பழைய டிக்கெட்டின் தேதியை மாற்றி அச்சிட்ட தாள். அது போலி ஆவணம். ஒருவழி டிக்கெட்டோடு வந்தவர் விளக்கம் சொல்ல வேண்டிய பயணி, அவ்வளவுதான். போலித் தாளோடு பிடிபட்டவர் பொய் சொன்ன பயணி ஆகிவிடுகிறார், அதன்பின் அவர் காட்டும் உண்மையான ஆவணத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். எல்லாத் தாளும் முறையாக வைத்திருக்கும் ஓய்வூதியர், தேவையே இல்லாத இடத்தில் இந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

உண்மையிலேயே சுற்றுலாப் பயணியாக நுழைபவர், முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட்டை வாங்கி, இறங்கியபின் ரத்து செய்யலாம். விலை கூடுதல், பணம் கார்டுக்குத் திரும்பச் சில நாள் ஆகும், ஆனால் அது மெய்யான டிக்கெட்.

நங்கநல்லூர்_பாட்டி எழுதியது:

இந்த விவாதத்தைத் தாய்லாந்தோடு நிறுத்திவிடாமல், என்னைப் போன்றவர்களுக்கும் பயன்படும்படி சற்று விரிக்க வேண்டுகிறேன். நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மகள் வழியாக அமெரிக்கக் கிரீன் கார்டு பெற்றவள். இங்கே வந்தால் நான்கு மாதம், ஐந்து மாதம் தங்கிவிட்டு ஒருவழி டிக்கெட்டில் திரும்புவேன். கிரீன் கார்டு உள்ளவரிடம் ரிட்டர்ன் டிக்கெட் கேட்பதில்லை என்பது என் அனுபவம். எங்களிடம் அவர்கள் கேட்பது வேறு: இந்தியாவுக்கு எப்போது வந்தீர்கள் என்று கேட்டு, மீனம்பாக்கத்தில் விழுந்த வருகை முத்திரையைத் தேடுவார்கள். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தவரின் கார்டு, தேதி முடியாமல் இருந்தாலும், திரும்பி நுழைவதற்கு மட்டும் போதாது. முன்கூட்டியே இரண்டாண்டுக்கான மறுநுழைவு அனுமதியை அமெரிக்காவில் இருக்கும்போதே விண்ணப்பித்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் தூதரகத்தில் திரும்பும் குடியிருப்பாளர் விசா கேட்க வேண்டிவரும்.

என் சிக்கல் வேறு விதமானது. சென்ற ஆண்டு என் பத்தாண்டுக் கார்டு தேதி முடிந்த ஆறாவது வாரத்தில் திரும்ப வேண்டியிருந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதுக் கடிதம் கையில் இருந்தது. 2024 செப்டம்பர் முதல், கார்டைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவர்களுக்கு வரும் அந்த ரசீது, கார்டின் செல்லுபடியை 36 மாதம் நீட்டிக்கிறது. கவுன்ட்டரில் இருந்த தம்பிக்கு இது தெரியவில்லை. கார்டின் முகப்பில் உள்ள தேதியை விரலால் சுட்டி, "அம்மா, இது முடிந்துவிட்டது" என்று மூன்று முறை சொன்னார். நான் கடிதத்தின் இரண்டாம் பத்தியைப் படித்துக் காட்டினேன். நாற்பதாண்டு வகுப்பு எடுத்தவளுக்கு ஒரு பத்தியைப் படித்துக் காட்டுவது பெரிய காரியமில்லை. மேற்பார்வையாளர் வந்து தரவுத்தளத்தில் பார்த்துச் சரி என்றார். பத்தாண்டுக் கார்டு தேதி முடிந்திருந்தாலும், ஓராண்டுக்குள் திரும்பும் நிரந்தரக் குடியிருப்பாளரை விமான நிறுவனம் ஏற்றிக்கொள்ளலாம் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறையின் தளத்திலேயே எழுதியிருக்கிறது என்பதைப் பிறகு என் பேரன் எடுத்துக் காட்டினான். அந்தப் பக்கத்தை அச்சிட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று, பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. நம் ஊரில் முன்னெழுத்துதானே வழக்கம். கார்டில் என் ஒரே பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. டிக்கெட் வாங்கும்போது மகள் ஒரு விதமாகவும், மருமகன் வேறு விதமாகவும் நிரப்பிவிட்டு, கவுன்ட்டரில் நான் நின்று பதில் சொல்லும்படி ஆகிறது.

கவுன்ட்டர்_மறுபக்கம் எழுதியது:

அம்மா, பெயர் விஷயத்தில் டிக்கெட், நீங்கள் எந்த ஆவணத்தைக் காட்டி அந்த நாட்டுக்குள் நுழையப் போகிறீர்களோ அதனோடு ஒத்திருக்கட்டும். ஒற்றைப் பெயரை எப்படி ஏற்றுவது என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் பழக்கம் வேறு. சிலர் அந்த மூன்று எழுத்துகளைப் போடுவார்கள், சிலர் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்வார்கள். டிக்கெட் வாங்கிய அன்றே வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் குறிப்பு எழுதச் சொல்லிவிடுங்கள். விமானம் ஏறும் இரவில் முன்னெழுத்தை விரித்து எழுதும் திருத்தத்தைக் கவுன்ட்டரில் செய்ய முடியாத நிறுவனங்களும் உண்டு.

மெல்பர்ன்_குரோம்பேட்டை எழுதியது:

ஆஸ்திரேலியா செல்லும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை; எல்லாம் மின்னணு முறை. கவுன்ட்டரில் பாஸ்போர்ட்டை வருடியதும், ஆஸ்திரேலிய அரசின் கணினியிலிருந்து 'ஏற்றலாம்' அல்லது 'ஏற்ற வேண்டாம்' என்ற பதில் வந்துவிடும். ஒருவழி டிக்கெட்டா இருவழி டிக்கெட்டா என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

ஆனால் நிரந்தரக் குடியிருப்பு விசா பெற்றவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அந்த விசாவில் வாழும் உரிமைக்குக் காலவரம்பு இல்லை என்றாலும், வெளியே போய்த் திரும்பும் வசதி ஐந்து ஆண்டுகளுக்குத்தான். என் தந்தை அது முடிந்த இரண்டு மாதத்துக்குப் பிறகு, அறியாமலே சென்னை வந்துவிட்டார். வருவதை யாரும் தடுக்கவில்லை. திரும்பும்போதுதான் கணினி மறுத்தது. திரும்பும் குடியிருப்பாளருக்கான 155ஆம் வகை விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பித்து, அது வரும்வரை குரோம்பேட்டை வீட்டில் காத்திருந்தார். அன்றிரவு அவர் கையில் ரிட்டர்ன் டிக்கெட் இருந்திருந்தாலும் பயனிருந்திருக்காது.

பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் புதிய எண்ணை அந்நாட்டு இணையக் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்பதும் இதே வகை. பிரிட்டனிலும் 2024 டிசம்பரோடு குடியிருப்பு அட்டைகள் போய் மின்விசா வந்துவிட்டதால், அங்கே வசிக்கும் நம்மவர்களும் கவனிக்க வேண்டும்.

டொரன்டோ_தாத்தா எழுதியது:

கனடாவைப் பற்றிச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். நிரந்தரக் குடியிருப்பாளர் விமானத்தில் திரும்ப வேண்டுமானால் செல்லுபடியாகும் பி.ஆர். அட்டை வேண்டும், தொலைந்தாலோ முடிந்தாலோ தூதரகத்தின் வழியே பயண ஆவணம் பெற வேண்டும். சூப்பர் விசா என்னும் நீண்டகால வருகை விசாவில் பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்கு 2022 ஜூலை முதல் ஒரே வருகையில் ஐந்து ஆண்டுவரை தங்க அனுமதி உண்டு. அத்தனை காலம் தங்கப் போகிறவர் ரிட்டர்ன் டிக்கெட்டை எந்தத் தேதிக்கு வாங்குவார்? விமான நிறுவனங்களே பொதுவாக ஓராண்டுக்கு மேற்பட்ட தேதிக்கு முன்பதிவு தருவதில்லை. சூப்பர் விசாக்காரர்கள் காப்பீட்டுச் சான்றின் நகலையும், மகனோ மகளோ எழுதிய அழைப்புக் கடிதத்தையும் கையில் வைத்திருங்கள். என்னிடம் கவுன்ட்டரில் அவற்றைத்தான் கேட்டார்கள்.

மேடவாக்கம்_மகன் எழுதியது:

முதல் பதிவை எழுதிய ஐயாவின் நிலையே என் பெற்றோருக்கும். ஆனால் என் தந்தை இந்த முறை அவசரமாக, அத்தையின் மறைவுக்காகப் புறப்பட்டு வந்ததால், தாய்லாந்தில் மறுநுழைவு அனுமதி எடுக்க மறந்துவிட்டார். நீட்டிப்பு முத்திரையில் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதைக் காட்டித் திரும்ப முடியுமா? ஒருவழி டிக்கெட் வாங்கியாகிவிட்டது.

சியாங்மாய்_அடையாறு எழுதியது:

தம்பி, வருத்தமான செய்திதான் சொல்ல வேண்டியிருக்கிறது. மறுநுழைவு அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேறிய கணமே நீட்டிப்பு முடிந்துபோகிறது. முத்திரையில் எந்தத் தேதி இருந்தாலும் அதற்கு மதிப்பில்லை. ஒருமுறை அனுமதிக்கு 1,000 பாட், பலமுறை அனுமதிக்கு 3,800 பாட். விமான நிலையத்திலேயே இமிக்ரேஷனைக் கடக்கும் முன் எடுத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. இப்போது சொல்லிப் பயனில்லை, அடுத்த முறைக்காகச் சொல்கிறேன்.

உங்கள் தந்தை இப்போது புதிய பயணியாகவே கருதப்படுவார். விசா விலக்கில் போனால், அவரிடம் திரும்பும் டிக்கெட் கேட்பது நியாயமான கேள்வியாகிவிடுகிறது. பணம் திரும்பும் வகை டிக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறந்தது, இங்கிருந்தே ஓய்வு பெற்றோருக்கான 90 நாள் நான்-இமிக்ரன்ட் விசாவுக்கு விண்ணப்பிப்பது. 2025 ஜனவரி முதல் இது இணையவழி. சென்னையில் தாய்லாந்துத் துணைத் தூதரகம் இருப்பதால் அதையே தேர்ந்தெடுக்கலாம். அங்கே போய் மீண்டும் ஓராண்டு நீட்டிப்பு கேட்கும்போது, வங்கியில் 8,00,000 பாட் இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே இருக்க வேண்டும் என்பதால், கணக்கில் உள்ள பணத்தை எதற்காகவும் இப்போது தொட வேண்டாம் என்று தந்தையிடம் சொல்லுங்கள்.

கவுன்ட்டர் ஐயாவின் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டதும் பதறிப்போய் மனைவியின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். அனுமதி இருக்கிறது. ஆனால் என்னுடையது பலமுறை, அவருடையது ஒருமுறை. முத்திரையும் நீட்டிப்புக்கு நான்கு பக்கம் தள்ளி, வேறொரு நாட்டின் வருகை முத்திரைக்கு மேலே பாதி ஏறி விழுந்திருக்கிறது. நாமே தேட வேண்டியிருக்கும் ஒன்றை, நடு இரவில் வரிசையைப் பார்த்துக்கொண்டே ஊழியர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பெரம்பூர்_ரயில்வே எழுதியது:

டம்மி டிக்கெட்டைப் பற்றி நான் சொன்னதை மீட்டுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். பாங்காக்–சென்னை–பாங்காக் என்று அங்கிருந்தே இருவழி டிக்கெட் எடுத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

கவுன்ட்டர்_மறுபக்கம் எழுதியது:

ஓரளவு உதவும். பயணம் தொடங்கிய இடம் பாங்காக் என்று முன்பதிவில் தெரியும். நீங்கள் அங்கே வசிப்பவர் என்பதற்கு அது ஒரு குறிப்பு. ஆனால் சென்னைக் கவுன்ட்டரைப் பொறுத்தவரை அது கடைசிக் கட்டப் பயணம். பாங்காக்கிலிருந்து வெளியே போகும் டிக்கெட் அதிலும் இல்லை. ஆகவே கேள்வி எழுந்தால், இருவழி டிக்கெட் வைத்திருப்பவரும் அதே முத்திரைப் பக்கங்களைத்தான் காட்ட வேண்டிவரும். இந்த நுணுக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை.

பாஸ்போர்ட் இங்கே புதுப்பித்தவர்களுக்கு ஒரு சொல். சாலிகிராமத்திலோ தாம்பரத்திலோ புதிய பாஸ்போர்ட் பெறும்போது, பழையதை ரத்து செய்து திருப்பித் தருவார்கள். உங்கள் நீட்டிப்பும் மறுநுழைவு அனுமதியும் அந்தப் பழையதில்தான் இருக்கும். இரண்டையும் ரப்பர் வளையம் போட்டுச் சேர்த்தே வைத்திருங்கள். ரத்து செய்த பாஸ்போர்ட் எதற்கு என்று அதைப் பெட்டியில் போட்டு, பெட்டியைச் சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிட்டுக் கவுன்ட்டரில் கைபிசைந்து நின்ற ஒரு தம்பதியரின் பெட்டியைத் திரும்ப இறக்கித் தந்தது எனக்கு நினைவிருக்கிறது.

சியாங்மாய்_அடையாறு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நேற்று முன்தினம் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். என்ன நடந்தது என்று கேட்டிருந்தவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

இணையவழி செக்-இன் இரண்டு முறை முயன்றும், ஆவணங்களைக் கவுன்ட்டரில் சரிபார்க்க வேண்டும் என்றே வந்தது. அதனால் கவுன்ட்டர் திறக்கும்போதே நிற்கும்படி, மெட்ரோவில் மூன்றரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டோம். தாய்லாந்தின் மின்னணு வருகை அட்டையை முந்தைய நாளே நிரப்பியிருந்தேன். 2025 மே 1 முதல் இது அங்கே வசிக்கும் வெளிநாட்டினருக்கும் கட்டாயம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. எங்கள் விமானம் நள்ளிரவைத் தாண்டிப் புறப்படுவது என்பதால், இறங்கும் தேதி மறுநாளையது என்பதை மனைவிதான் கவனித்துத் திருத்தினார்; நான் புறப்படும் மாலையின் தேதியைப் போட்டு வைத்திருந்தேன்.

கவுன்ட்டரில் இம்முறை ஓர் இளைஞர். பாஸ்போர்ட்டுகளைக் கொடுக்கும்போதே, மஞ்சள் ஒட்டுத்தாள் வைத்த பக்கங்களைத் திறந்து, கவுன்ட்டர் ஐயா சொல்லிக்கொடுத்த வாக்கியங்களை அப்படியே ஒப்பித்தேன். அவர் நீட்டிப்புத் தேதியையும் மறுநுழைவு அனுமதியின் தேதியையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். பிறகு, நான் அஞ்சியபடியே, "ரிட்டர்ன் டிக்கெட்?" என்றார். "நான் அங்கே வசிப்பவன் தம்பி, மறுநுழைவு அனுமதி என்று போட்டுப் பாருங்கள்" என்றேன். அவர் தட்டினார், படித்தார், பக்கத்துக் கவுன்ட்டரில் இருந்த மூத்த பெண்மணியை அழைத்து ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார். அந்தப் பெண்மணி தலையசைத்தார். மொத்தம் ஆறேழு நிமிடம்தான். மனைவியின் முத்திரை மங்கலாக இருந்ததால் அதற்கு மட்டும் சற்றுக் கூடுதல் நேரம் ஆயிற்று. கட்டணம் கட்டிய ரசீதை அவர் பத்திரமாக வைத்திருந்தது அங்கே கைகொடுத்தது.

சென்னை இமிக்ரேஷன் அதிகாரியிடம் போகும் முன் ஒட்டுத்தாள்களை எடுத்துவிடலாம் என்று நினைத்து மறந்துவிட்டேன். அவர் அதைப் பிடித்தே சரியான பக்கத்தைத் திருப்பினார். பாங்காக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கியபோது எங்களிடம் டிக்கெட்டைப் பற்றிக் கேள்வியே இல்லை. நீட்டிப்பு முடியும் தேதியையே தங்கும் தேதியாக எழுதி முத்திரை வைத்தார்கள்.

மனைவிக்கு இனிப் பலமுறை அனுமதியே எடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். மஞ்சள் தாள்கள் இரண்டு பாஸ்போர்ட்டிலும் அப்படியே இருக்கின்றன. மார்ச் மாதம் நீட்டிப்பைப் புதுப்பித்தபின் புதிய பக்கத்துக்கு மாற்றி ஒட்ட வேண்டும்.